ஆணியில் மடித்துக் குத்திய பெயர்கள்

1

“வெளையாடுறவனுக்கே இங்க சோறு இல்ல. அவன் வெளையாடுறதப் போனுல எடுத்துப் போடுறவளுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?”

இதைச் சொன்னவர் என் தாய்மாமா தங்கராசு. போடி ஜீப் ஸ்டாண்டில், ஆள் வைத்து ஓட்டும் தன் வண்டியின் மீது சாய்ந்துகொண்டு, பத்துப் பேர் கேட்கச் சொன்னார். ஆசிரியர் பயிற்சிக்குப் போகப் போவதில்லை, மதுரையில் ஊடகம் படித்து விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துப் போடப் போகிறேன் என்று நான் அப்போதுதான் சொல்லியிருந்தேன். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கிளம்ப ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மாமா சொன்னதைவிட அதுதான் எனக்கு உறுத்தியது.

இந்த வாரத்தோடு நான் இங்கிலாந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. சம்பளம் கொடுக்கும் ஆள் கிடைத்துவிட்டார் என்று மாமாவிடம் சொல்லவும் செய்தேன். வடக்கே ஒரு சிறிய நகரத்தின் கால்பந்து கிளப்பில், பெண்கள் அணியின் படங்களையும் காணொளிகளையும் கோல் விவரங்களையும் சமூக ஊடகங்களில் போடுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. விசாப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை எழுதினேன். அதனால் அட்டையில் பெரிய எழுத்தில் ‘முருகேசன்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மின்னஞ்சல்கள் ‘அன்புள்ள முருகேசன்’ என்று வருகின்றன. அந்த அட்டையின் படத்தை அப்பா தன் கைப்பேசியின் முகப்பில் வைத்திருக்கிறார். அதில் எந்த வார்த்தை தன் பெயர் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை அவரே இப்போது எல்லாருக்கும் காட்டுகிறாராம்.

இதையெல்லாம் பெருமையாக எழுத வேண்டும் என்றுதான் மூன்று வாரங்களாக நினைத்திருந்தேன். ஆனால் இப்போது என் கணினியில் நிரப்பப்படாத ஒரு படிவம் திறந்து கிடக்கிறது. வியாழக்கிழமைக்குள் அதை அனுப்ப வேண்டும். என் விசா ஜனவரியில் முடிகிறது. கிளப் எனக்கு நிரந்தர வேலை கொடுத்தால்தான் நீட்டிக்க வழி உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் படிவத்தைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று யோசித்தால், ஜீப் ஸ்டாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2

விடிவதற்கு முன் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஏலச்செடியின் காய் அடித்தூரில்தான் பிடிக்கும் என்பதால் நாள் முழுக்க ஈரத்தில் குந்தியிருந்து பறிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு, காலில் அட்டை கடித்த ரத்தக்கோடுகளோடு திரும்புவார்கள். அம்மா இருபது வருடமாக அப்படித்தான் போய் வருகிறாள்.

நான் பதினோராம் வகுப்புப் படித்த வருடம், ஒரு மழை நாளில், ஸ்டாண்டுக்குச் செய்தி வந்தது. மெட்டுக்குக் கீழே ஒரு ஜீப்பு சாஞ்சுருச்சாம். யாருடைய ஜீப், யார் யார் உள்ளே என்று ஒன்றும் தெரியவில்லை. மலையில் போன் எடுக்கவில்லை. ஸ்டாண்டில் கூடியிருந்த எல்லாரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: யாரு, யாரு? சீருடையோடு இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். அம்மா அந்த ஜீப்பில் இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கும் காயத்தோடு போயிற்று. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நான் அம்மாவை நாலைந்து தடவை பறிகொடுத்துவிட்டேன். கடைசியில் அவள் தூக்குவாளியோடு இறங்கி வந்து, உலை வச்சிட்டியா என்று கேட்டாள்.

மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தார். “நீதான் படிச்சவளாச்சே ஆத்தா. கெளம்புறதுக்கு முன்னாடி ஏறுறவுக பேரெல்லாம் எழுதி வச்சுட்டுப் போவோம். கெழவன் கெழவியெல்லாம் ரோட்டுல நின்னு தவிக்கக் கூடாது” என்றார்.

அதிலிருந்து தினமும் விடிகாலையில் நோட்டோடு ஸ்டாண்டுக்குப் போனேன். ஜீப்பில் ஏறும் ஒவ்வொருவரின் பெயர், தெரு, ஏதாவது ஆனால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற விவரம். சிலர் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். ஒரு அக்கா மட்டும், வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம், மகளுக்குச் சொன்னால் போதும் என்று எழுதச் சொன்னார். தாளைக் கிழித்து ஸ்டாண்டு டீக்கடையில் தூண் ஆணியில் குத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் ஜீப் திரும்பியதும் கடைக்கார அண்ணன் அதை எடுத்து அடுப்பில் போட்டுவிடுவார். இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் எழுதினேன். நான் மதுரைக்குப் போன பிறகு வேறு பிள்ளைகள் எழுதினார்கள். இன்றைக்கும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

நான் விளையாட்டு ஊடகத்துக்கு வந்ததும் அந்த நோட்டின் வழியாகத்தான். பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டிகளில் மைக் பிடிக்கிறவர், ‘செகப்பு பனியன் ஒரு பாயிண்டு, கட்டையா இருக்குற தம்பி அவுட்டு’ என்றுதான் சொல்வார். கல்லூரி விடுமுறையில் நான் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் முழுப் பெயர், ஊர், யார் பிள்ளை என்று போட்டேன். குரங்கணியில் தோட்டத்துப் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைத்தபோது இரண்டு பக்கத்துப் பெண்களின் பெயர்களையும் ஒன்று விடாமல் எழுதினேன். திருப்பூரில் வேலை செய்யும் மகன்கள், கேரளாவில் கட்டிக் கொடுத்த மகள்கள் எல்லாரும் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள். தங்கள் பெயர் திரையில் வருவதை அந்தப் பெண்கள் அதுவரை பார்த்ததில்லை. சென்னையில் ஒரு விளையாட்டு இணையதளம் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது அதைப் பார்த்துத்தான். பெயர்களை எப்படி இவ்வளவு சரியாகப் பிடிக்கிறாய் என்று கேட்டார்கள். ஜீப் கதையை நான் சொல்லவில்லை. படித்தவர்கள் நடுவில் தோட்டத்துக் கதை எதற்கு என்று ஒரு கூச்சம். அங்கிருந்து உதவித்தொகை கிடைத்து இங்கே மேற்படிப்பு, அதற்குப் பிறகு இந்த வேலை.

3

இங்கே என் நாள் இப்படிப் போகும். காலையில் பயிற்சிப் படங்கள், வரப்போகும் ஆட்டத்தின் அறிவிப்பு, நேற்றைய பதிவுகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாடு. அப்போது அங்கே மணி ஐந்து. அம்மாவின் போன் இரண்டு தரம் அடித்து நிற்கும். எடுக்கக் கூடாது, ஜீப் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். பன்னிரண்டே முக்கால் வரை மணி அடிக்கவில்லை என்றால் கையில் இருக்கும் ரொட்டியை வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் காதலனின் அழைப்புக்குக் காத்திருப்பதாகக் கூட வேலை செய்கிறவர்கள் நினைக்கிறார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மொழி வேறு காலை வாரும். முதல் மாதத்தில், ஊரில் இல்லாத ஒரு ஆட்டக்காரரைப் பற்றி ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று எழுதினேன். எந்த ரயில் நிலையம் என்று கேட்டு நூறு கருத்துகள் வந்தன. அதிலிருந்து ஒரு வரி எழுதினாலும் மூன்று முறை சரிபார்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கவில்லை.

கேட்டிக்குப் பத்தொன்பது வயது. நடுக்களத்தில் ஆடுகிறவள். இரண்டு மணி நேரத் தொலைவில், கடலோரத்து ஊர்க்காரி. ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கும்போது பந்துக்காகக் குதித்தவள் எதிரணிப் பெண்ணின் தலையில் மோதி விழுந்தாள். எழவில்லை. மருத்துவர் ஓடினார், மற்ற ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று மறைத்தார்கள், பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. மைதானமே அமைதியாகிவிட்டது. என் கையிலிருந்த போனில் மட்டும் கருத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே கேள்வி: யார் அது? யார் விழுந்தது? சட்டை எண் தெரியவில்லை, யார்?

எனக்கு அது ஜீப் ஸ்டாண்டின் சத்தமாகக் கேட்டது. எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி நின்று தவிப்பாள் என்று தோன்றியது. கேட்டியின் முழுப் பெயர், தலையில் அடி, கண் திறந்தாள், இன்ன மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று எழுதி, ஆம்புலன்ஸ் படத்தோடு போட்டேன். போட்ட பிறகு மனசு கொஞ்சம் லேசானதுகூட.

ஆறு நிமிடம் கழித்து, ஊடகப் பிரிவின் தலைவி ஹெலன் படிகளில் இறங்கி ஓடி வந்தார். கத்தவில்லை. “அதை எடு. இப்போதே எடு” என்றார்.

எடுத்தேன். அதற்குள் அதைப் படமெடுத்து ஆயிரம் பேர் பரப்பியிருந்தார்கள்.

கேட்டியின் அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார். கிளப் மருத்துவர் அந்த எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்குள் யாரோ ஒருத்தி தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இது உன் மகள்தானே என்று கேட்டிருக்கிறாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

கேட்டி மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டாள். தலைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அம்மா கிளப்புக்குக் கடிதம் எழுதினார். அதில் ஒரு வரியை ஹெலன் எனக்கு வாசித்துக் காட்டினார்: என் மகளைப் பற்றி எனக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்கே தெரிந்திருந்தது.

குடும்பத்துக்குச் சொல்லாமல், மருத்துவர் அனுமதிக்காமல் காயத்தைப் பற்றி எதுவும் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே படித்துக் கையெழுத்துப் போட்டேன். அதை ஏன் மீறினேன் என்று கேட்டு, ஆட்டம் முடிந்த கையோடு ஹெலன் அனுப்பியதுதான் அந்தப் படிவம்.

4

கம்பத்திலிருந்து பதினைந்து வருடத்துக்கு முன் வந்து குடியேறிய ரஹ்மத் அக்காவின் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய மகள் ஆயிஷாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அம்மாவும் மகளும் இரண்டு மொழியில் சண்டை போடுவதைக் கேட்பது எனக்குப் பழகிவிட்டது. பள்ளி அணியில் அவளும் கால்பந்து ஆடுகிறாள். என் பதிவு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அன்று சாயங்காலம் தேடிக் காட்டியவள் அவள்தான். கேட்டியின் பெயரை எதற்குப் போட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“சின்னப் பிள்ளைக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையாக்கும்” என்றார் அக்கா, சோற்றைப் பரிமாறிக்கொண்டே.

நான் ஆயிஷாவிடம் ஜீப் கதையைச் சொன்னேன். மழை, வளைவு, இரண்டு மணி நேரம், எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, பன்னிரண்டு பேருக்கும் சீட் பெல்ட் இருக்குமா என்றாள்.

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தார். அவருடைய அம்மாவும் கம்பத்திலிருந்து அதே மாதிரி ஜீப்பில் தோட்டத்துக்குத் துணி விற்கப் போனவர். அந்தப் பாட்டியின் பேத்திக்கு ஜீப் என்றால் கணினி விளையாட்டில் வருகிற வண்டி. அவள் மேல் குற்றமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கே சொல்லிப் புரியவைக்க முடியாததை ஹெலனுக்கு எப்படிப் படிவத்தில் எழுதப் போகிறேன் என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். மறுநாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு மின்னஞ்சல் சத்தத்துக்கும் ஓடிப் போய்ப் பார்க்கிறேன்.

5

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மாமா கூப்பிட்டார்.

“ஏ ஆத்தா, நீ போட்டதுல ஒண்ணக் காணோமே?”

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கால்பந்தும் தெரியாது. ஆனால் எங்கள் கிளப்பின் பக்கத்தில் நான் போடும் ஒவ்வொரு படத்துக்கும் விருப்பக்குறி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை நாளில் இதை ஒரு தடவையும் என்னிடம் சொன்னதில்லை. எவன் சம்பளம் குடுப்பான் என்று கேட்ட மனிதர்.

ஆம்புலன்ஸ் படம் இருந்ததே, அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு, அப்புறம் ஏன் அதைக் காணோம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடலாம் என்பதையும் சொன்னேன்.

“கை தவறிப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுச் சோலியப் பாரு” என்றார். “போனுதான? பட்டன் மாறி அமுங்கிருச்சும்பியா, அத விட்டுட்டு.”

நான் யோசிக்காதது இல்லை. படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. தவறுதலாக வெளியானது, தொழில்நுட்பக் கோளாறு, விதி தெரியாது, மற்றவை. முதல் கட்டத்தில் ஒரு குறி போட்டால் போதும், விளக்கமே எழுத வேண்டாம். ‘மற்றவை’ என்றால் நூற்றைம்பது சொற்களுக்குள் காரணம் எழுத வேண்டும்.

ஆனாலும் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. எங்கள் ஊரில் பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான் பாவம், நான் செய்தது நல்லெண்ணத்தில்தான் என்று எழுதி, சாட்சிக்கு ஒரு படத்தையும் சேர்க்கலாம் என்று நினைத்தேன். இன்றைய பட்டியலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று மாமாவிடம் கேட்டேன்.

மறுநாள் காலை படம் வந்திருந்தது. அதே டீக்கடைத் தூண், அதே ஆணி. தாள் நான்காக மடிந்திருந்தது. ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. பிரித்து எடுத்து அனுப்புங்கள் மாமா, பெயர் தெரிந்தால்தானே இவர்களுக்குப் புரியும் என்று குரல்செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டுவிட்டார். குரலில் கோபம்.

“ஒனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா? வண்டி மேல போயிருக்கு, அதுக்குள்ள லிஸ்டப் பிரிக்கச் சொல்ற. ஒங்க ஆத்தா பேரும் அதுலதான கெடக்கு. வண்டி வரலைன்னாத்தான்டி அதப் பிரிக்கணும்.”

போனை வைத்த பிறகு என் கை எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருடம், ஒவ்வொரு காலையிலும், நான்தான் அதை மடித்தேன். எழுத்து உள்பக்கம் போகும்படி நான்காக மடித்து, பிறகுதான் ஆணியில் குத்துவேன். கடைக்கு டீ குடிக்க வருகிறவர் யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்று ஒரு அக்கா எழுதச் சொன்னாரே, மடிக்காத தாளில் அப்படி எழுதச் சொல்லியிருப்பாரா? அந்த மழை நாளில் ஸ்டாண்டே கூடி யாரு யாரு என்று கேட்டது உண்மை. ஆனால் பட்டியல் எழுதியது ஸ்டாண்டுக்காக இல்லை. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருந்த அந்த ஒரு ஆளுக்காக.

பெயர்களைச் சரியாக எழுதியதை இத்தனை வருடம் எனக்குள் பெருமையாக வைத்திருந்தேன். மடித்தது மட்டும் எப்படியோ மறந்துபோயிற்று.

6

இன்று வியாழக்கிழமை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன்.

‘மற்றவை’ கட்டத்தில் குறி போட்டேன். விதி எனக்குத் தெரியும், தெரிந்தே போட்டேன், கை தவறவில்லை என்று முதல் வரி. ஜீப்புக்கு இருபது சொற்கள்தான் ஒதுக்க முடிந்தது. அதற்கடுத்து, எங்கள் ஊர் வழக்கத்தையே நான் பாதிதான் பின்பற்றினேன் என்று எழுதினேன். மீதி இடத்தில் ஒரு யோசனை: ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஆட்டக்காரர்களிடம், இன்றைக்கு ஏதாவது ஆனால் முதலில் யாருக்கு, எந்த எண்ணில் சொல்ல வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, மடித்து மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கிறவர்களின் பூட்டிய போனுக்கு அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேலை இடத்தின் எண்ணே அதில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். ஊடக வேலை பார்க்கிறவர்கள் அதைப் பிரிக்கக் கூடாது. நானும்தான்.

எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பத்தெட்டுச் சொற்கள்.

படிவத்தில் நல்லெண்ணத்துக்கென்று கட்டம் இல்லை என்று ஹெலன் முன்பே சொல்லியிருந்தார். இது வேலையைக் காப்பாற்றுமா கெடுக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. முடிவு சொல்ல இரண்டு வாரம் ஆகுமாம். ஜனவரியில் போடி ஜீப் ஸ்டாண்டில் பெட்டியோடு நான் இறங்கினால் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்று ஒவ்வொருவர் குரலிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். மாமாவின் குரலில் மட்டும் என்ன வரும் என்று இப்போது ஊகிக்க முடியவில்லை.

அனுப்புவதற்கு முன், படிவம் இருந்த அதே கிளப் தளத்தில், என் விவரங்கள் உள்ள பக்கத்தைத் திறந்தேன். அவசரத்துக்கு யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில், சேர்ந்த அன்று ரஹ்மத் அக்காவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். உள்ளூர் எண்தான் வசதி என்றார்கள். இந்த நாட்டில் எந்தத் தாளிலும் அம்மாவின் பெயர் இல்லை. எனக்கு ஒன்று ஆனால் யார் போய் அவளிடம் சொல்வார்கள்? ஆயிஷா மாதிரி யாராவது ஒரு பிள்ளை போனை நீட்டிக் காட்டுமா?

பேச்சியம்மாள், தாய் என்று எழுதினேன். பகல் நேரத்து எண் கேட்டது. மலையில் போன் எடுக்காது. அதனால் முதலில் அழைக்க வேண்டிய ஆள் என்ற இடத்தில், பகலெல்லாம் ஸ்டாண்டிலேயே இருக்கும் மாமாவின் பெயரைத் தங்கராசு என எழுதி, ஸ்டாண்டு எண்ணைக் கொடுத்தேன். உறவு என்ன என்று ஒரு பட்டியல் விரிந்தது. அதில் தாய்மாமா இல்லை. ‘மற்றவர்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்: இவரிடம் சொன்னால் போதும், என் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இவருக்குத் தெரியும்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அம்மாவின் போன் இரண்டு தரம் அடித்து நின்றது. ஜீப் வந்துவிட்டது. டீக்கடை அண்ணன் தாளை அடுப்பில் போட்டிருப்பார்.

இரண்டையும் அனுப்பிவிட்டேன்.